சத்தம் எந்தப் பக்கம்

பிரப்பன்வலசைக்கு மேற்கே
உப்புப் பூத்துக் கிடக்கும் பொட்டல்.
புல் கிடையாது, குழி கிடையாது, கொடி கிடையாது.
நூற்றைம்பது கெஜத்தில் ஒரு நீல டிரம்,
நூற்றெண்பதில் என் ஸ்கூட்டி.
கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறேன்,
மணிக்கு நானூறு ரூபாய்.

வருகிறவர் ஒரே ஆள்,
ராமநாதபுரத்துப் பல் டாக்டர் வன்மீகநாதன்.
தையில் கோயம்புத்தூரில் டாக்டர்களுக்குள் போட்டியாம்.
"டெல்மா, இன்னும் இருபது கெஜம் வேணும்" என்பார்
கைமாற்று கேட்கிற குரலில்.

கிளப்பைத் தூக்கும்வரை நல்ல மனிதர்.
உச்சிக்குப் போனதும் யாரோ ஏசிவிட்டதுபோலத்
தோள் முந்தும், கை முந்தும்,
பல்லைக் கடிப்பார், பல் டாக்டர்.
பந்து வலப்பக்கம் வளைந்து
சீமைக்கருவேலத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

துபாயில் ஐந்து வருஷம் பந்து பொறுக்கினேன்.
கம்பிக் கூண்டு போட்ட வண்டி.
அது நகர்ந்தால் போதும், மைதானமே
என்னைக் குறிவைக்கும், அப்படி ஒரு குஷி.
கூண்டுக்குள் இருந்து ஒன்றைக் கண்டேன்:
முகம் சிவக்க வீசுகிறவன் பந்து என்னை எட்டாது.
கொட்டாவி விடுகிறவள் மாதிரித் திரும்புகிற
ஒரு கொரியாக்காரி,
அவள் பந்துதான் கம்பியில் ணங்கென்று விழும்.
மடியில் சோற்று டப்பா அதிரும்.

பொறுக்கியதைக் கொட்ட வரும்போதெல்லாம்
நின்று அவள் காலைப் பார்ப்பேன்.
முதலில் இறங்குவது இடது குதிகால்.
பிறகு இடுப்பு.
கை அப்போதும் மேலேயே இருக்கும்,
தகவல் இன்னும் வந்து சேராததுபோல.

டாக்டரிடம் சொன்னேன். தலையாட்டினார்.
மறுபடியும் தோள்.

கிளப்பைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னேன்,
இரும்பு கையில், பிடி காற்றில்.
"வீசுங்க. உஸ்ஸுன்னு கேக்கும்.
எந்தப் பக்கம் கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."
கச்சான் காற்றுக் காலம்.
எல்லாப் பக்கமும் உஸ்.

காற்று ஓய்வது விடியக்காலை நாலரைக்கு.
வந்தார். கார் விளக்கை அணைத்தார்.
இருட்டில் பந்து தெரியாது,
அதனால் அடிக்கிற ஆசையும் தெரியவில்லை.
வடகடல் வழக்கம்போல வாய் திறக்கவில்லை.

உஸ். வலது காதுக்குப் பக்கத்தில்.
"பந்துகிட்ட வர்றதுக்குள்ள
எல்லாத்தையும் செலவழிச்சுட்டீங்க."
உஸ். வலது முழங்காலில்.
மண்டபத்துப் பக்கம் ரயில் ஊதியது,
அது அடங்கும்வரை நின்றோம்.
முப்பதாவதோ நாற்பதாவதோ,
ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை,
பிறகு இடது காலைத் தாண்டிக் கீழே
துணி கிழிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:
"பல்லு எடுக்கறப்ப நான் இழுக்கவே மாட்டேன் தெரியுமா.
ஆட்டி ஆட்டி, எலும்பு விடுற வரைக்கும் இருப்பேன்.
இழுத்தா வேர் உள்ளேயே முறிஞ்சிரும்."
இதை வைத்துக்கொண்டா
மூன்று மாதம் என்னைக் கத்தவிட்டார்?
எனக்குக் கோபம்தான் வந்தது.

வெளிச்சம் வந்ததும் டிரைவரைக் கொடுத்துவிட்டு
நூற்றெண்பதில் போய் நின்றேன்.
எங்கே விழுகிறதென்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே.
இங்கே கூண்டு இல்லை.
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

முதல் பந்து டிரம்மைத் தொடவில்லை. பழைய தோள்.
இரண்டாவதற்குக் குதிகால் இறங்கியதா,
அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.
கை தாமதித்தது தெரிந்தது.
பழக்கதோஷம், குனிந்தேன்.
தலைக்கு மேலே போனது.
நான் திரும்பி ஓட வேண்டியதாயிற்று.

முள்ளுக்குள் எங்கேயோ.
அரைமணி நேரம் தேடினேன்,
அவர் அங்கிருந்தே கை வீசிக்கொண்டிருந்தார்,
எவ்வளவு, எவ்வளவு என்று.
பந்து எண்பது ரூபாய்.
அவர் கணக்கில் எழுதினேன்.